ஓட்டாமல் உட்கார்ந்திருந்த டிரைவர்

உப்பளத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். ஆனால் காலில் வெடிப்பு இருக்கிறவளுக்கு அந்தத் தண்ணீர் நெருப்பு. வேலை முடிந்து வரப்பு ஏறினால் காலைக் கழுவ ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கிடைக்காது. உப்பு காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும். அப்படியே வீடு வரைக்கும் நடப்போம்.

ஒரு கோடையில், அளத்து ரோட்டுச் சின்னப் பாலத்து ஓரம் இரண்டு கேன் நல்ல தண்ணீர் இருந்தது. மறுநாளும் இருந்தது. சாயங்காலம் காலியான கேன் காலையில் நிரம்பியிருக்கும். முதலாளி வைக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவரைக் கேட்டால் அவருக்கே தெரியவில்லை. என்னோடு வேலை செய்த தையல்நாயகி, "எலெக்‌ஷன் வருது இல்ல, எவனாவது கட்சிக்காரன் வச்சிருப்பான். கொடி கட்ட மறந்துட்டான் போல" என்றாள்.

ஒரு நாள் நான் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன். பாலத்துப் பக்கம் ஒரு உப்பு லாரி நின்றது. டிரைவர் இறங்கி, நிரம்பிய கேன்களை வைத்துவிட்டுக் காலிக் கேன்களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடப் போய் மாட்டிக்கொண்டவர் மாதிரி நெளிந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்றார். "தெரிஞ்சா உங்க தையல்நாயகி அம்மா நாளைக்குச் சோப்பும் துண்டும் கேப்பாங்க."

நான் இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் பெயர் குழந்தைசாமி.

மரக்காணத்தில் மாதா கோயில் தெருவில் அவர் வீடு. மனைவி அமராவதி. பிள்ளை இல்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பி சுரேஷைத்தான் இரண்டு பேரும் பிள்ளை போல வளர்த்தார்கள். எங்கள் உப்பை ஏற்றிக்கொண்டு குழந்தைசாமி பெங்களூர் வரைக்கும் போய் வருவார். சுரேஷ் அவருக்குக் கிளீனர். ஒரு பீடி கிடையாது, ஒரு கிளாஸ் கிடையாது. லாரியில் ஜெபமாலை தொங்கும்.

லாரி பழக்கியவர் முதல் நாளே அவருக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தாராம். ரோட்டில் மாடு குறுக்கே வந்தால் அதன் வால் பக்கம் வண்டியை ஒடிக்க வேண்டும். மாடு முன்னால்தான் போகும், பின்னால் வராது. "அது என் கையிலயே ஊறிப்போச்சுக்கா. நான் நினைக்கறதுக்கு முன்னாடி கை போயிடும்" என்பார். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். அந்தக் கையால் எத்தனையோ மாடுகள் பிழைத்தன.

அந்தக் கை ஒரே ஒரு தடவை சும்மா இருந்துவிட்டது. விடியற்காலை, திண்டிவனத்திலிருந்து காலி லாரியோடு திரும்பி வரும்போது, ரோடு வளைந்த இடத்தில் லாரி வளையவில்லை. நேராக ரோட்டோரக் கழுவெளிச் சதுப்பில் போய் விழுந்தது. குழந்தைசாமிக்கு ஒரு கீறல் இல்லை. சுரேஷுக்கு முட்டிக்கு மேலே ஒரு கால் போய்விட்டது.

"கண்ணு மூடினதே எனக்குத் தெரியலக்கா. திறந்ததுதான் தெரிஞ்சுது" என்று என்னிடம் சொன்னார். வேறு யாரையும் எதையும் அவர் குறை சொல்லவில்லை. மழை என்று சொல்லியிருக்கலாம், எதிரே வந்தவன் லைட்டு என்று சொல்லியிருக்கலாம். தூங்கிவிட்டேன் என்றே சொன்னார்.

அதற்குப் பிறகு லாரி பக்கமே போகவில்லை. அளத்தில் மூட்டை தூக்கினார். பஸ் ஸ்டாண்டு கிட்டே தம்பிக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை வைத்துக் கொடுத்தார். தண்ணீர்க் கேன் மட்டும் நிற்கவில்லை. லாரியில் வந்த கேன் சைக்கிளில் வந்தது, அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஆளே ஓட்டாமல் தானே ஓடுகிற காரை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு எங்கள் அளத்து ரோடுதான் தோதாக இருந்தது. நீளமான நேர் ரோடு, வண்டி குறைவு, இரண்டு பக்கமும் பாத்தி. வண்டி தானே ஓடினாலும் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த ரோடு தெரிந்தவராக வேண்டும் என்றார்கள். யாரோ குழந்தைசாமியைக் காட்டினார்கள்.

அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைத்தோம். முதல் நாளே போய் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளைக் கார். தலையில் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும், அது சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தமே வராது. பின் சீட்டில் சரவணகுமார் என்கிற இன்ஜினியர் பையன் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முன்னால் குழந்தைசாமி, பூசையில் உட்கார்ந்தவர் மாதிரி இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு.

அளத்து ரோடு மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கேதான் தினமும் பஞ்சாயத்து. உள் கிராமத்து ஆட்களை வேனில் ஏற்றி அளத்துக்குக் கொண்டுவருகிற மணிகண்டன்தான் எதிர்க்கட்சி.

"ஏம்பா கொழந்த, உனக்கு அதுல இன்னா வேலை?"

"உக்காந்திருக்கறது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அது ஓட்டும், நான் பார்ப்பேன்."

"அதுக்குச் சம்பளமா? எங்கப்பன் அந்த வேலையை வீட்டுல சும்மாவே செய்யறாரு."

கடையே சிரித்தது. குழந்தைசாமியும் சிரித்தார். மணிகண்டன் விடவில்லை.

"சரி, மாடு குறுக்க வந்தா? வால் பக்கம் ஒடிக்கணும்னு அதுக்குத் தெரியுமா?"

"ஒடிக்காது. நின்னுடும்."

"பின்னாடி வர்றவன் வந்து சாத்துவான்."

"சாத்தினா பம்பர் போவும். உயிர் போவாது."

"பன்னெண்டு மணி வெயில்ல உப்பு மேல வெளிச்சம் அடிக்கும் பாரு, நமக்கே கண்ணு தெரியாது. அதுக்கு?"

"அதுக்குக் கண்ணு ஒண்ணு இல்லப்பா. ஒண்ணு கூசினா இன்னொண்ணை வச்சுப் பார்க்கும். எல்லாம் தெரியும்னு நான் சொல்லல. மழை வந்தா திணறுது. ரோட்டுல நெல்லு காயப் போட்டிருந்தா மேடுன்னு நினைச்சு நின்னே கெடக்குது. போன வாரம் ஒரு பிளாஸ்டிக் பைக்கு நின்னுச்சு. ஆனா ஒண்ணு. தெரியலன்னா நிக்குது. நமக்குத் தெரியலன்னா நாம இன்னா பண்றோம்? ஹாரன் அடிச்சிட்டுப் போறோம்."

"கெட்டுப் போச்சுன்னா? என் போனே ஒரு நாளைக்கு நாலு தடவை தொங்குது."

"அதுக்குத்தான் நான் உக்காந்திருக்கேன். ஸ்டீயரிங்ல என் கை பட்டாப் போதும். அந்த நிமிஷமே அது எல்லாத்தையும் விட்டுடும். வண்டி என் கைக்கு வந்துடும்."

"டேய், அது என்ன மாட்டுவண்டியா, கயித்தை மாத்திக் குடுக்க? எனக்கு நம்பிக்கை இல்லப்பா."

குழந்தைசாமி டீயைக் குடித்து முடித்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம், சுரேஷ் கடை இருக்கிற பக்கம் பார்த்தார்.

"அது தூங்காது மணி" என்றார்.



அளத்துக்குள்ளே வேறு பஞ்சாயத்து. அதற்குத் தலைவி தையல்நாயகி. புருஷன் போன பிறகு தனியாக நின்று மகள் சந்தியாவை நர்ஸிங் படிக்க வைத்தவள். வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. அவளுக்கு அந்தக் கார் பிடிக்கவே இல்லை.

"தலையில்லாத முண்டம் மாதிரி வருதுடி. சத்தமாவது போடுதா? கூடையைத் தலையில வச்சிக்கினு நாம கழுத்தைத் திருப்ப முடியுமா? ஹாரன் கேட்டாத்தானே குதிச்சு ஓட முடியும்?"

அது உண்மைதான். தலையில் உப்புக் கூடையோடு ரோட்டைத் தாண்டும்போது நாங்கள் காதால்தான் பார்ப்போம். சத்தம் கேட்டால் சரிவில் இறங்கி ஓடிவிடுவோம். கூடை விழுந்தாலும் விழட்டும். எந்த வண்டியும் எங்களுக்காக நின்றது கிடையாது. டிராக்டர் நிற்காது, லாரி நிற்காது, பாண்டிச்சேரிக்குப் போகிற கார்க்காரன் வழி தவறி வந்தால் அவனும் நிற்க மாட்டான். நாங்கள் ஓடுவதுதான் வழக்கம்.

குழந்தைசாமி ஒரு நாள் காரை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார்.

"தையல்நாயகிம்மா, இந்த வண்டியைப் பார்த்து ஓடாதீங்க. ஓடினா நீங்க எந்தப் பக்கம் போவீங்கன்னு அதுக்குக் குழப்பம். அப்படியே நில்லுங்க. அது நிக்கும்."

"ஆமா, நீ சொல்லுவே. நான் நின்னு செத்தா எம் பொண்ணுக்கு யாரு?"

"நானும் உங்ககூட நிக்கறேன்."

சரவணகுமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, இதெல்லாம் ரூல்ஸ்லயே இல்லண்ணே. பொம்மையை வச்சுத்தான் பார்க்கணும்" என்றான். "பொம்மை போய் இவங்ககிட்டச் சொல்லுமா சார்?" என்று கேட்டார் குழந்தைசாமி. அவனையே டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, காரைத் தூரத்துக்கு அனுப்பினார். பிறகு தையல்நாயகி பக்கத்தில், ரோட்டு நடுவே போய் நின்றார்.

கார் வந்தது. தையல்நாயகி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அங்காளம்மா, அங்காளம்மா" என்றாள். எனக்கும் அதே பெயர்தான் வாயில் வந்தது. குழந்தைசாமி கண்ணை மூடவில்லை. நல்ல தூரத்திலேயே கார் வேகத்தைக் குறைத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, நின்றுவிட்டது.

தையல்நாயகி ஒரு கண்ணைத் திறந்தாள். "நின்னுடுச்சுடி!"

"நான்தான் சொன்னேனே."

"கட்டின புருஷன்கூட ஒரு நாளும் என் பேச்சுக்கு நின்னதில்ல. இது நின்னுடுச்சு!" அவள் போய்க் காரின் மூக்கைத் தடவினாள். "மருமகனே, நல்லா இரு."

அன்றிலிருந்து அது மருமகன்தான். ஒரு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துக் கொண்டுவந்து காருக்கு முன்னால் கட்டினாள். அது வண்டியின் கண்ணை மறைக்கிறது என்று சரவணகுமார் கைகூப்பிக் கெஞ்சி, அவிழ்த்துப் பின்னால் கட்டினான். குழந்தைசாமி மாட்டிய ஜெபமாலை உள்ளே, எலுமிச்சம்பழம் வெளியே. அப்படியே ஓடியது.

நாங்கள் எல்லோரும் நிற்கப் பழகினோம். அந்தக் கார் வந்தால் ஓடுவதில்லை. கூடையைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்போம். அது நிற்கும். நாங்கள் தாண்டுவோம். பிறகு அது போகும். சொன்னால் சின்ன விஷயம். ஆனால் வெயிலில், தலையில் பாரத்தோடு நிற்கும்போது, ஒரு கார் நமக்காகக் காத்திருக்கிறது என்றால் அது எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். பூமீஸ்வரர் கோயிலில் விளக்குப் போடும்போது நான் அந்தக் காருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டது உண்டு.

குழந்தைசாமி முகமும் தெளிந்திருந்தது. "தம்பிக்கு அன்னிக்கு இந்த வண்டி இருந்திருந்தா..." என்று ஒரு நாள் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

பங்குனி மாதம். உப்பு நன்றாக விளைந்த நேரம். மத்தியானத்துக்கு முன்னால் கூடைகளைத் தூக்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கக் குவியலில் கொட்டிக்கொண்டிருந்தோம். தையல்நாயகி முன்னால் போனாள். நான் இன்னும் வரப்பில்தான் இருந்தேன். அவள் ரோட்டில் ஏறி ஒரு எட்டு வைத்ததும் தூரத்தில் வெள்ளைக் கார் வந்தது. அவள் வழக்கம்போல ரோட்டோரத்திலேயே நின்றாள். காரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்கள் பக்கத்து உப்புக் குவியல் மறைவிலிருந்து, நாய்க்குப் பயந்த ஒரு மாடு தலைதெறிக்க ரோட்டில் ஏறியது. காருக்கும் அவளுக்கும் நடுவில். காரின் முன்பக்கம் தாழ்ந்ததை நான் பார்த்தேன். அது நிற்கப் போகிறது என்று நினைத்தேன். அடுத்த நொடி, காரின் மூக்கு சட்டென்று இந்தப் பக்கம் திரும்பியது. தாழ்ந்த முன்பக்கம் நிமிர்ந்தது. மாட்டின் வாலை ஒட்டி, அது விலகிய இடத்துக்குள்ளே கார் வந்தது.

அங்கே தையல்நாயகி நின்றுகொண்டிருந்தாள்.

பெரிய வேகம்கூட இல்லை. இரண்டு எட்டு பின்னால் சரிவில் குதித்திருந்தால் போதும். எத்தனை வருஷமாக எத்தனை வண்டிக்குக் குதித்தவள். அன்றைக்கு அவள் அசையவில்லை.

நான் ஓடிப்போனபோது அவள் கொட்டிய உப்பின் மேல் கிடந்தாள். குழந்தைசாமி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் சட்டையால் அவள் முகத்திலிருந்த உப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கண்ணுல உப்பு, கண்ணுல உப்பு" என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊர் கூடிவிட்டது. கார் திரும்பியதை எங்களில் பல பேர் பார்த்தோம். எல்லோருக்கும் சந்தேகமே இல்லை, வண்டிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மணிகண்டன் வேனைக் குறுக்கே போட்டு மெயின் ரோட்டையே மறித்துவிட்டான். "நான் சொன்னேனா இல்லையா? மிஷினுக்கு உசுரோட அருமை தெரியுமா?" என்று கத்தினான். கத்திக்கொண்டே அழுதான். தையல்நாயகி அவன் வேனில் தினமும் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள்.

குழந்தைசாமியைப் போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நானும் அமராவதியும் போனோம். சுரேஷ் கட்டையை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தான். அண்ணனின் காதருகில் குனிந்து பேசினான். ஆனாலும் எங்களுக்குக் கேட்டது.

"அண்ணே, வண்டிதான்னு சொல்லிடு. ஊரே அதைத்தான் சொல்லுது. வண்டியை யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல."

குழந்தைசாமி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை போயிடுச்சுடா" என்றார்.

"எந்தக் கை? இன்னா பேசற நீ?"

"மாடு வந்துச்சு. வால் பக்கம் கை போயிடுச்சு. வண்டி பிரேக் புடிச்சிக்கினுதான் இருந்துச்சு. என் கை பட்டதும் அது விட்டுடுச்சு. அந்தம்மா மாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்காங்கன்னு அதுக்குத் தெரியும்டா. எனக்குத்தான் தெரியல."

அமராவதி அவர் வாயைக் கையால் பொத்தினாள். "மாதாவே, இதைச் சொல்லாதீங்க. உள்ள போய் இதைச் சொல்லாதீங்க. ஒரு தடவை சொல்லி நாம பட்டது போதாதா?"

அவர் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு உள்ளே போனார். இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். வெளியே வந்து, ஸ்டேஷன் வாசலில் நின்ற கூட்டத்திடமும் சொன்னார். "நான்தான் ஒடிச்சேன். வண்டி நிக்கத்தான் பார்த்துச்சு."

 கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்: "எவ்ளோ குடுத்தாங்க?"

அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. கம்பெனியும் அதையேதான் சொன்னது. அதனால் ஊருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. கம்பெனிக்காரன் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்றார்கள். மாதா கோயிலில்கூட அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. டீக்கடையில் அவர் பக்கம் கிளாஸ் நீட்டக் கடைக்காரன் மறந்துபோனான்.

சரவணகுமார் காரை ஏற்றிக்கொண்டு போக வந்தபோது நான் அவனைப் பார்த்தேன். தாடி வளர்ந்து, ஆள் பாதியாக இருந்தான். பின்னால் கட்டிய எலுமிச்சம்பழம் காய்ந்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, அவர் தொடாம இருந்திருந்தா அது நின்னிருக்குமா?" என்று கேட்டேன்.

"நின்னிருக்கும்மா. அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமாப்பா?"

"கம்ப்யூட்டர்ல அதே மாதிரி வச்சு ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நிக்குது. ஆனா அது கம்ப்யூட்டர்ல." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நிஜத்துல எப்படின்னு இனிமே யாருக்கும் தெரியாதும்மா."

"அப்போ ஏம்பா, மனுஷன் கை பட்டதும் எல்லாத்தையும் விட்டுடற மாதிரி செஞ்சீங்க?"

"வண்டி தப்புப் பண்ணினா மனுஷன் காப்பாத்தணும்னுதான். எங்க ஆபீஸ்ல இதைப் பத்திப் பெரிய சண்டையே நடந்துச்சு. வண்டியோட பேச்சு கடைசியா, மனுஷனோட பேச்சு கடைசியான்னு. நான் மனுஷன்தான்னு சொன்னவன்."

  யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஈஸ்வரன் சந்நிதியில் போய் நின்றேன். அங்கேயும் என் வாயில் கேள்வி வரவில்லை. விளக்கை ஏற்றிவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் குழந்தைசாமி சந்தியாவைப் பார்க்கப் போனார். தனியாகப் போகப் பயந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவள் நர்ஸ் வேலையில் சேர்ந்த அன்றைக்கு, வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வந்து ஒரு மாதா படம் கொடுத்தவர் அவர். சந்தியா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அம்மா கடைசியா இன்னா பண்ணாங்க மாமா?"

"நின்னாங்கம்மா."

"ஓடலையா?"

"ஓடல. நான்தான் ஓடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

 அவள் தலையை நிமிர்த்தினாள்.

"நீங்க பொய் சொல்லியிருக்கலாம் மாமா. வண்டின்னு சொல்லியிருந்தா நான் அந்த வண்டியைத் திட்டிக்கினு இருந்திருப்பேன். இப்ப நான் யாரைத் திட்டறது? உங்களையா?"

"திட்டும்மா."

"என்னால முடியல மாமா. நீங்க போங்க."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்தம் வராமல் சாத்தினாள். திரும்பி வரும் வழியில் குழந்தைசாமி ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். 

கேஸ் நடந்தது. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தா. அளத்தில் மூட்டை தூக்கவும் அவரை யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர்க் கேன் மட்டும் பாலத்தோரம் வந்துகொண்டிருந்தது. யார் வைக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு, தெரிந்திருந்தால், சிலர் அந்தத் தண்ணீரைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் ஏறினால் அவர் முன்னால் உட்கார மாட்டார். ரோடு கண்ணில் படாத கடைசி சீட்டுக்குப் போய்விடுவார். நடந்து போனாலும், எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொள்வார். கட்டி வைத்த மாதிரி.

கடைசியில் அமராவதியின் அண்ணன் வந்து, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவல் வேலை இருப்பதாகச் சொல்லி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் மழைக்காலத்தில் சுரேஷ் என் வீட்டுக்கு வந்து, அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து போய்விட்டார் என்று சொன்னான். தீர்ப்பு வரவில்லை. வருவதற்குள் அவர் போய்விட்டார். அவருக்குத் தீர்ப்பு தேவைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர்கள் ஊரைவிட்டுப் போன அன்றைக்கு, மரக்காணம் பஸ் ஸ்டாண்டில். வேறு யாரும் வழியனுப்ப வரவில்லை. சுரேஷ் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். நான் கோயில் விபூதி கொண்டுபோயிருந்தேன். அவர் வேதக்காரர். ஆனாலும் தலையைக் குனிந்து நெற்றியில் வாங்கிக்கொண்டார்.

"கேனைச் சுரேஷ் பார்த்துக்குவான்" என்றார். பிறகு பஸ் வந்தது. அமராவதி ஏறிவிட்டாள். அவர் படியில் கால் வைத்தவர், இறங்கித் திரும்பி என்னிடம் வந்தார்.

"கம்பெனி திரும்பவும் வேற வண்டி கொண்டுவரும்க்கா. அது இதைவிட நல்லா இருக்கும். அப்போ அளத்துல எல்லாருக்கும் நீங்க ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுப்பா."

"நிக்க வேணாம். எந்த வண்டி வந்தாலும் சரிவுல இறங்கி ஓடிடச் சொல்லுங்க. வண்டி நிக்கும்க்கா. ஆனா உள்ள ஒருத்தன் உக்காந்திருப்பான்."